மரபும் மரபுசாராமையும்: நோட்டன் பிரிட்ஜ் நீர்வலுவும் ஒரு வகைப்பாட்டு வழக்கும்

ஒரு தொழில் எவ்வகையைச் சார்ந்தது என வரையறுத்தல் வெறும் அறிவியற் பணியாகத் தோன்றக்கூடும். ஆயின் அரசாங்கமே கொள்வனவாளராக அமையுமிடத்து அது பொருளியற் பணியாகவும் அரசியற் பணியாகவும் மாறிவிடுகின்றது. ஒரு வகையினருக்கு அரசு சலுகை அளிக்க முற்படும்போது, அவ்வகையின் எல்லைக்கோடு எங்கே வரையப்படுகின்றது என்பதைப் பொறுத்தே பயன்பெறுவோர் யாவர், விலக்கப்படுவோர் யாவர் என்பது முடிவாகின்றது. எனவே எல்லைக்கோடு உள்ளவிடமெங்கும் வழக்கும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டின் சிறு வணிகச் சட்டம், அரசாங்க ஒப்பந்தங்களில் ஒரு பங்கு சிறு நிறுவனங்களுக்குக் கிடைத்தல் வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. அங்கு ஒவ்வொரு கேள்விப்பத்திரத்துக்கும் ஒப்பந்த அதிகாரி ஒரு தொழிற்குறியீட்டை இடுகின்றார். அக்குறியீட்டுக்குரிய ஊழியர் தொகையோ ஆண்டு வருமானமோ ‘சிறியது’ எது என்பதை நிர்ணயிக்கின்றது. குறியீடு மாறினால் நேற்றுவரை சிறியதாயிருந்த நிறுவனம் இன்று பெரியதாகிவிடும். ஆதலின் குறியீட்டை எதிர்த்து மேன்முறையீடு செய்வதற்கென்றே அங்கு தனியான நடைமுறை உள்ளது. இந்தியாவில் 1967ஆம் ஆண்டு 47 பொருள்கள் சிறு கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அப்பட்டியல் 800க்கு மேற்பட்ட பொருள்களாக விரிந்து, படிப்படியாகச் சுருங்கி, 2015ஆம் ஆண்டில் முற்றாக நீக்கப்பட்டது. பட்டியலில் ஒரு பொருள் சேர்வதும் நீங்குவதும் பல தொழிலகங்களின் வாழ்வையே மாற்றின.

இலங்கையின் மலைநாட்டில் இத்தகைய வழக்கு ஆற்றுநீரைப் பற்றி எழுந்தது. அதன் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு நோட்டன் பிரிட்ஜைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறில்லை.

ஆறும் அணைகளும்

களனி கங்கையின் தலையாறுகள் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஆகும். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோட்டன் பிரிட்ஜ் கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. இவ்வாறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்வலு பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த ஆய்வுரையில் எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர (1874–1953). அதற்கு முன்னரே, 1912இல், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. குடியேற்ற ஆட்சியினரின் தயக்கத்தாலும் உலகப் போராலும் இடையிடையே தடைப்பட்ட லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950ஆம் ஆண்டிலேயே நிறைவெய்தியது. நோட்டன் அணையில் தேங்கிய நீர் லக்சபான மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கலாயிற்று.

1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், அதன் நீரைப் பயன்படுத்தும் 50 மெகாவாற்று ஆற்றலுடைய மின்நிலையமும் அமைந்தன. நோட்டன் பிரிட்ஜில் உள்ள இம்மின்நிலையம் விமலசுரேந்திரவின் பெயரையே தாங்குகின்றது. காசல்ரீயிலிருந்து வரும் நீர் இங்கு ஒருமுறையும், பழைய லக்சபானவில் இரண்டாம் முறையும், பொல்பிட்டியவில் மூன்றாம் முறையும் மின்பிறப்பாக்கிகளை இயக்கிய பின்னரே களனி கங்கையாகக் கீழிறங்குகின்றது. 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபை இந்நிலையங்களைப் பொறுப்பேற்றது.

மறக்கப்பட்ட முன்னோடிகள்

இப்பெருந்திட்டத்துக்கு முற்பட்ட ஒரு வரலாறும் மலைநாட்டுக்கு உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டும் பொறிகளுக்கும் வாட்டும் கூடங்களின் காற்றாடிகளுக்கும் இடையறாத வலு வேண்டும். தோட்டத்தினூடே பாயும் ஓடையைத் திருப்பி, குழாய்வழி இறக்கி, ஒரு சிறு சுழலியைச் சுற்றச்செய்து, வார்ப்பட்டைகளின் மூலம் பொறிகளை இயக்கும் முறையைத் தோட்டத் துரைமார் மேற்கொண்டனர். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் நிறுவனத்தின் சுழலிகள் பல இவ்வாறு மலையேறின. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தம் நீரினின்று தம் வலுவைத் தாமே பெற்றன.

இவற்றின் வீழ்ச்சிக்குக் காரணமாயமைந்தது லக்சபானவே என்பது ஈண்டு நோக்கற்பாலது. தேசிய மின்கம்பி தோட்டத்தின் வாயிலுக்கு மலிவான மின்னைக் கொண்டுவந்தபோது, பழைய சுழலியைப் பேணுவதற்கு முகாமையாளர் காரணம் காணவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் எஞ்சியவற்றுட் பலவும் கைவிடப்பட்டுத் துருவேறின. பெரியது வந்தது, சிறியது மறைந்தது.

‘சிறியது’ மீண்டும் வருதல்

1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் மின்தேவை நீர்வலுவை விஞ்சி, எண்ணெய் எரிக்கும் நிலையங்களை நாடவேண்டிய நிலையும் அக்காலத்தில் முதிர்ந்தது. 1996இல் டிக் ஓயாவில், 1 மெகாவாற்றுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றலுடைய ஒரு தனியார் நிலையம் தேசிய மின்தொகுதியுடன் இணைந்தது. அதனைத் தொடர்ந்து, 10 மெகாவாற்றுக்கு மேற்படாத நிலையங்களுக்கென நியம மின்கொள்வனவு ஒப்பந்தம் ஒன்று உருவாயிற்று. கேள்விப்பத்திரம் இன்றி, பேரம் இன்றி, எல்லார்க்கும் ஒரே வாசகத்தில் 15 ஆண்டுகளுக்கு அமைந்த ஒப்பந்தம் அது.

அதன் விலை ‘தவிர்க்கப்பட்ட செலவு’ என்னும் கோட்பாட்டைத் தழுவியது. சிறு உற்பத்தியாளரிடம் ஓர் அலகு மின்னை வாங்குவதனால் எரிக்காது விடப்படும் எண்ணெயின் செலவே அவருக்குரிய விலை என்பது அக்கோட்பாடு. ஐக்கிய அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பொதுப்பயன்பாட்டுச் சட்டத்திலிருந்து பரவிய கருத்து இது. அந்நாட்டிற் சிறு உற்பத்தியாளருக்கு எல்லை 80 மெகாவாற்று. ஒரே உரிமையாளரின் இரு நிலையங்கள் ஒரு மைல் தூரத்துக்குள் இருப்பின் ஒன்றாகவே எண்ணப்படும் என்ற விதியும் அங்கு இருந்தது. அதனால் ஒரு மைலுக்கு அப்பால் அடுத்த நிலையத்தை நிறுவும் வழக்கம் தோன்றிற்று. அவ்விதி பல்லாண்டு விவாதத்தின் பின் 2020இல் மாற்றப்பட்டு, தூரம் பத்து மைல்வரை விரிந்தது. கோடு வரையப்பட்டதும் கோட்டருகே நிற்கக் கற்றுக்கொள்வது மனித இயல்பு.

வழக்கின் மூன்று முகங்கள்

இலங்கையில் எழுந்த வழக்கை மூன்று கூறாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, பெயர் பற்றியது. அரசாங்க ஆவணங்களில் சிறு நீர்மின் நிலையம் ‘மரபுசாரா மீள்புதுப்பிக்கத்தக்க வலு’ என்னும் தலைப்பின்கீழ் அமைந்தது. விமலசுரேந்திர, லக்சபான போன்ற பெருநிலையங்கள் ‘மரபுவழி’ என ஒதுக்கப்பட்டன. மரபுசாரா வலுவின் பங்கை 2015ஆம் ஆண்டளவில் பத்து வீதமாக உயர்த்துவது தேசியக் கொள்கையாக அறிவிக்கப்பட்டபோது, நோட்டன் பிரிட்ஜின் நீர் அக்கணக்கில் இடம்பெறவில்லை. மலைநாட்டில் லக்சபானவுக்கு முன்பே தோட்டச் சுழலிகள் இயங்கின என்பதை எண்ணும்போது இதன் முரண் புலனாகும். காலத்தால் மூத்தது மரபுசாராதது ஆயிற்று. காலத்தால் இளையது மரபு ஆயிற்று. நீரின் இயல்பினாலன்றி, ஒப்பந்தத்தின் தேவையினாலேயே இப்பெயர்கள் தோன்றின.

இரண்டாவது, விலை பற்றியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது ஓடைநீருக்கு உரிய விலையும் ஏறிற்று. ஓடைக்கு எண்ணெய் வேண்டியதில்லை. ஆதலால் இவ்வுயர்வு காரணமற்ற இலாபம் என்பது கொள்வனவாளர் பக்கத்து வாதம். தாம் மின் வழங்காவிடின் சபை அவ்விலைக்கு எண்ணெயையே எரித்திருக்கும் என்பது உற்பத்தியாளர் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. இதன் விளைவாக 2007ஆம் ஆண்டையடுத்து விலை நிர்ணயம் தொழினுட்பவாரியான வகைப்பாட்டுக்கு மாறிற்று. சிறு நீர்வலு, காற்று, விறகு, விவசாயக் கழிவு, நகரக் கழிவு என ஒவ்வொன்றுக்கும் தனி விலை விதிக்கப்பட்டது. நீர்வலுவிலும் காற்றிலும் உள்நாட்டிற் செய்த இயந்திரத்தைக் கொண்டவை மேலும் ஓர் உட்பிரிவாகிச் சற்று உயர்ந்த விலை பெற்றன. ஒரு விலையைப் பற்றிய விவாதம் இவ்வாறு பல வகைகளைப் பற்றிய விவாதமாயிற்று. உள்நாட்டுச் சுழலி எனப்படுவது எது, ஒப்பந்தகாலம் முடிந்து புதுப்பிக்கப்படும் நிலையம் பழையதா புதியதா என்பன போன்ற வினாக்களுக்கு இத்தகைய வகைப்பாட்டில் விடை கண்டாக வேண்டும்.

மூன்றாவது, கேள்விப்பத்திரம் பற்றியது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டபோது, போட்டிமுறைக் கொள்வனவு வலியுறுத்தப்பட்டது. முன்னறிவித்த விலைக்குச் சிறு உற்பத்தியாளரிடம் வாங்கும் வழமை இத்திருத்தத்துடன் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தமையால் புதிய ஒப்பந்தங்கள் தடைப்பட்டன. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்திருந்த 2022 ஜூனில் பாராளுமன்றம் மற்றொரு திருத்தத்தை நிறைவேற்றியபோது, 10 மெகாவாற்றுக்கு மேற்பட்ட திட்டங்களாயினும் போட்டிக் கேள்விப்பத்திரத்துக்கு உட்படல் வேண்டும் என எதிர்க்கட்சி கோரியது, அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. சிறியோரைப் போட்டியினின்று காப்பதற்காக வரையப்பட்ட கோடு, பெரியோரைப் போட்டிக்கு உட்படுத்தும் கோடாக இவ்விவாதத்தில் எடுத்தாளப்பட்டமை கவனத்துக்குரியது. ஒரே எண், இரு நோக்கங்கள்.

எதனை அளந்தனர்?

இவ்வழக்குகளின் அடியில் ஓர் அடிப்படை வினா கிடக்கின்றது. அமெரிக்கச் சிறு வணிகச் சட்டம் நிறுவனத்தை அளந்தது. அதனோடு உறவுடைய கிளைகளையும் சேர்த்தே எண்ணியது. இலங்கையின் நியம ஒப்பந்தமோ இயந்திரத்தை அளந்தது. 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையம் சிறியது. அதன் உரிமையாளர் பெருங்கம்பனியாயினும், அவருக்கு வேறு ஓடைகளிற் பல நிலையங்கள் இருப்பினும் நிலையம் சிறியதே. ‘சிறு’ என்ற சொல் கேட்போர் உள்ளத்தில் எளிய முயற்சியாளர் ஒருவரின் உருவத்தை எழுப்புகின்றது. ஒப்பந்தத்தில் அச்சொல் சுட்டியதோ ஒரு சுழலியின் பருமனை மட்டுமே.

சூழல் பற்றிய சட்டத்தில் வேறொரு கோடு உண்டு. 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி 50 மெகாவாற்றை விஞ்சும் நீர்மின் நிலையங்களே விதித்துரைக்கப்பட்ட திட்டங்களாகிச் சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு உட்படும். சரியாக 50 மெகாவாற்று உடைய விமலசுரேந்திர நிலையம் இன்று புதிதாகக் கட்டப்படுமாயின், ஆற்றல் என்ற அளவுகோல் ஒன்றினால் மட்டும் அது அப்பட்டியலுட் புகாது. 10 மெகாவாற்று நிலையம் அதற்கு வெகு தொலைவிலேயே நிற்கும். ஆயின் ஓடையின் நீர் முழுவதும் குழாய்க்குள் திரும்புமாயின், அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட படுகை வறண்டுபோதற்கு இயந்திரத்தின் சிறுமை தடையாகாது. ஒரே ஓடையில் அடுத்தடுத்துச் சில நிலையங்கள் எழுமாயின், தனித்தனியே சிறியன யாவும் சேர்ந்து ஆற்றுக்குப் பெரியனவே. கொள்வனவுக்கு ஏற்ற கோடு ஆற்றுக்கு ஏற்றதாயிருக்க வேண்டுமென்பதில்லை.

இவ்வளவிலும் எவ்வகையிலும் இடம்பெறாதவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. ஓடை பாயும் காணி பெரும்பாலும் அரசுக்குரியது, அதனைக் குத்தகையாகப் பெற்றது தோட்டக் கம்பனி, நிலையம் உற்பத்தியாளருடையது, மின் சபையினுடையது. நான்கு தலைமுறைகளாக அந்நீரைக் குடித்து, அக்கரையில் வாழ்ந்தவர் ஒப்பந்தத்தின் எந்தத் தரப்பும் அல்லர். லக்சபானவின் உயரழுத்தக் கம்பிகள் கொழும்பின் தெருக்களை ஒளிரச்செய்த காலத்தில், அவை கடந்து சென்ற மலைச்சரிவுகளின் லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. பெரியது வந்தபோதும் பயனில்லை. சிறியது மீண்டபோதும் பங்கில்லை. ஒரு வகைப்பாடு எவரைச் சேர்க்கின்றது என்பதைக் கொண்டு மட்டுமன்றி, எவரைக் காணத் தவறுகின்றது என்பதைக் கொண்டும் அதனை மதிப்பிடல் வேண்டும் என்பதற்கு மலையகத்தின் இவ்வனுபவம் தக்க சான்றாகும்.

முடிவு

கோடின்றிக் கொள்வனவில்லை. எல்லார்க்கும் ஒரே விதி என்பது வலியோர்க்கே விதி என்று முடியும் ஆதலால், சிறியோரை வேறுபடுத்தி நோக்குதல் நீதியே. 1996ஐத் தொடர்ந்த நியம ஒப்பந்தம் இல்லாதிருப்பின், துருவேறிக் கிடந்த ஓர் அறிவு மரபு மலைநாட்டில் மீண்டும் உயிர்த்திருக்காது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயின் வரையப்படும் ஒவ்வொரு கோடும் தன் நோக்கத்தையும் உடன் உரைத்தல் வேண்டும். இயந்திரத்தை அளப்பதா, நிறுவனத்தை அளப்பதா, ஆற்றுக்கு நேரும் இழப்பை அளப்பதா என்பது தெளிவாக்கப்படாதவிடத்து, ஓர் எண் பல நோக்கங்களுக்கு இழுபட்டு, ஈற்றில் எந்த நோக்கத்துக்கும் உதவாது போகின்றது.

நோட்டன் அணையைக் கடந்து வீழும் நீருக்கு மரபும் இல்லை, மரபுசாராமையும் இல்லை. சிறுமையும் இல்லை, பெருமையும் இல்லை. அவை மனிதர் இட்ட பெயர்கள். மனிதர் இட்ட பெயரை மனிதர் மீளாய்வு செய்யலாம். அம்மீளாய்வு நிகழும்போது ஆற்றங்கரையில் வாழ்வோருக்கும் அதில் ஓர் இடம் அமைதல் வேண்டும்.