கோணல் கையும் நேர்கோடும்

ஒரு சின்னப் பரிசோதனை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுங்கள். ஸ்கேல் கிடையாது, காம்பஸ் கிடையாது. வெறும் கையால் ஒரு சதுரம் போடுங்கள், பார்க்கலாம்.

ஆச்சா? நான்காவது கோடு, முதல் கோடு ஆரம்பித்த அதே புள்ளியில் வந்து முடிந்ததா? முடிந்திருக்காது. கொஞ்சம் முன்னாடியே நின்றிருக்கும், அல்லது தாண்டி ஓடியிருக்கும். கவலைப்படாதீர்கள். யாரிடம் காட்டினாலும் 'சதுரம்' என்றுதான் சொல்வார்கள். மனிதக் கண் ரொம்பப் பெருந்தன்மையானது!

கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மூலையில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் போச்சு. அதற்கு அது சதுரமே அல்ல, சம்பந்தமில்லாத நாலு கோடுகள். 'இந்த அறையின் பரப்பளவு என்னப்பா?' என்று கேட்டால், 'எந்த அறை?' என்று திருப்பிக் கேட்கும். (நான் பி.காம். படித்தவன். டிரயல் பேலன்ஸில் ஒரே ஒரு ரூபாய் இடித்ததற்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் இந்தப் பிடிவாதம் எனக்கு நன்றாகவே புரிகிறது.)

ஆக, கோணலாக வரையும் மனிதக் கைக்கும் துல்லியத்தைத் தவிர எதையும் ஏற்காத இயந்திரத்துக்கும் நடுவே யாராவது சமாதானம் பேசியாக வேண்டும். பேசியவர் 24 வயது மாணவர். பெயர் ஐவன் சதர்லாண்ட்.

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் 1938-ல் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினீயர், அதனால் வீட்டில் ப்ளூபிரின்ட்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூட நாட்களிலேயே 'சைமன்' என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அவர் கைக்குக் கிடைத்தது. பதினைந்துக்கு மேல் எண்ணத் தெரியாத அதிபுத்திசாலி! அதை வகுத்தல் கணக்குப் போட வைத்துவிட்டுத்தான் பையன் ஓய்ந்தான்.

பிறகு எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. வழிகாட்டியாக வாய்த்தவரோ க்ளாட் ஷானன். 'தகவல் கோட்பாடு' என்ற துறைக்கே தந்தை. லிங்கன் ஆராய்ச்சிக் கூடத்தில் டி.எக்ஸ்-2 என்ற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருக்க வேண்டும். டி.எக்ஸ்-2 அப்படியல்ல. ஒரே ஆள் மணிக்கணக்கில் அதனுடன் நேருக்கு நேர் உட்காரலாம். ஏழு அங்குலத் திரை ஒன்றும் 'லைட் பேனா' ஒன்றும் இருந்தன. பேனா என்றால் மை கிடையாது. திரையின் வெளிச்சத்தை உணரும் சாதனம், அவ்வளவுதான். 1950-களில் ராணுவத்தினர் ராடார் திரையில் விமானத்தைச் சுட்டிக்காட்ட வைத்திருந்த 'ஒளித் துப்பாக்கி'யின் சொந்தக்காரன்.

அந்தப் பேனாவால் திரையில் கோடு போட முடியும். ஆனால், கை நடுங்குமே? இங்கேதான் சதர்லாண்ட் ஓர் அழகான வேலை செய்தார். பேனா ஏற்கெனவே உள்ள ஒரு புள்ளியின் பக்கத்தில் வந்தால் போதும். 'ஐயா அந்தப் புள்ளியைத்தான் சொல்கிறார்' என்று புரோக்ராம் தானே புரிந்துகொண்டு, கோட்டின் முனையைச் சரியாக அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். கோட்டுக்கு அருகில் வந்தால், கோட்டின் மேலேயே. காந்தம் இரும்புத்தூளை இழுக்கிற மாதிரி! கை எங்கே போனது என்பதை விட்டுவிட்டு, மனசு எங்கே போக நினைத்தது என்று பார்த்த முதல் புரோக்ராம்களில் அது ஒன்று.

அதோடு நிற்கவில்லை. கோணல்மாணலாக நாலு கோடு போட்டுவிட்டு, 'இவை இரண்டும் இணையாக இருக்கட்டும், அவை செங்குத்தாக இருக்கட்டும்' என்று உத்தரவு போட்டால், படம் தானாக நிமிர்ந்துகொள்ளும். 900 அறுகோணங்கள் கொண்ட ஒரு தேன்கூட்டு வடிவத்தை, எப்படிச் செய்வது என்று யோசித்த நேரத்தையும் சேர்த்து, அரைமணிக்கும் குறைவாகப் போட்டு முடித்தார் சதர்லாண்ட். 'இதே படத்தைக் கையால் போட எவ்வளவு நாளாகும்?' என்று டிராயிங் பிரிவில் விசாரித்தார்கள். வந்த பதில், இரண்டு நாள். அந்தப் பதிலைச் சொன்ன டிராஃப்ட்ஸ்மேனின் வயிற்றில் அன்றைக்கு லேசாகவாவது புளி கரைத்திருக்க வேண்டும்.

1963 ஜனவரியில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற பெயரில் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். பிற்காலத்தில் ஆலன் கே என்ற கம்ப்யூட்டர் மேதை, 'இவ்வளவையும் ஒரே வருஷத்தில் எப்படி ஐயா செய்தீர்கள்?' என்று கேட்டாராம். அது கஷ்டமான வேலை என்று தனக்குத் தெரியாது என்றாராம் சதர்லாண்ட்!

சரி, பக்கத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தால் அது இழுத்துக்கொள்ளும். வெற்றுத் திரையில் முதல் கோட்டைப் போடும்போது? அதற்குத்தான் கிரிட். பள்ளிக்கூடக் கட்ட நோட்டு மாதிரி திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள். மூலைகளில் மட்டும்தான் பேனா நிற்கும், நடுவில் நிற்காது. இதன் பின்னால் இருக்கும் கணக்கு பரமசாது. கட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், நீங்கள் 347-ல் கை வைத்தாலும் 350 என்று எடுத்துக்கொள்ளும். 343 என்றால் 340. வருமானவரிக் கணக்கில் மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்குகிறோமே, அதே சமாசாரம். 'ஸ்நாப்' என்று அதற்கு ஸ்டைலாக ஒரு பெயர்.

டி.எக்ஸ்-2 உலகத்துக்கே ஒன்றுதான். இந்த வித்தை மேஜைக்கு வர இருபது வருஷம் ஆனது. ஜான் வாக்கரும் நண்பர்களும் 1982-ல் ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தொடங்கி, அதே வருஷம் நவம்பரில் லாஸ்வேகாஸ் கம்ப்யூட்டர் கண்காட்சியில் 'ஆட்டோகேட்' சாஃப்ட்வேரைக் காட்டினார்கள். சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டரில் ஓடும் வரைபட சாஃப்ட்வேர்! டி-ஸ்கொயரும் டிராயிங் போர்டும் மெல்ல மெல்ல மூலைக்குப் போயின. ஆட்டோகேட் பழகியவர்களுக்கு F7, F9 பட்டன்கள் அத்துப்படி. முதலாவது கட்டத்தைக் காட்டும், இரண்டாவது பேனாவை அதில் கட்டிப்போடும். இரண்டும் வேறு வேறு. கட்டம் தெரிகிறதே என்று நம்பி, F9-ஐ மறந்துவிட்டு வரைந்தால், மறுபடி அந்த முடி அளவு இடைவெளிதான்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. நூறு வருஷத்துப் பழைய வீட்டை அளந்து வரைகிறீர்கள். சுவர் 3,437 மில்லிமீட்டர். ஸ்நாப் 50-ல் இருந்தால், சத்தமே போடாமல் 3,450 ஆக்கிவிடும். படம் ஜோராக இருக்கும். அதை நம்பி அலமாரி செய்துகொண்டு வந்தால், அந்த 13 மில்லிமீட்டர் சுவரில் இடிக்கும்!

ஒருமுறை போட்ட கட்டம் லேசில் போகாது என்பதற்கு எலெக்ட்ரானிக்ஸ் உலகம் சாட்சி. 1960-களில் சிப்களின் கால்களுக்கு நடுவே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி என்று வைத்தார்கள். சர்க்யூட் போர்டு வரைபவர்களும் அதே கட்டத்துக்கு வந்தார்கள். அங்குலத்தை மறந்து மெட்ரிக்குக்கு மாறிய நாடுகளிலும் பிள்ளைகள் செருகிப் பழகும் போர்டை அளந்து பாருங்கள். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர்.