வீடு ஓரிடம், வேலை ஓரிடம்: தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு

ஈப்போ வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், "அப்பா எங்க வேலை செய்றாங்க?" என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கே.எல்.", "பினாங்கு", "சிங்கப்பூர்" என்று பதில் வரும். "வாரத்துக்கு ஒரு தடவ வருவாங்க டீச்சர்" என்று ஒரு பிள்ளை சேர்த்துச் சொல்லும். அடுத்து, "தாத்தா எங்க வேலை செஞ்சாங்க?" என்று கேளுங்கள். "தோட்டத்துல." "வீடு எங்க இருந்துச்சு?" "அதே தோட்டத்துலதான்."

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் நம் சமுதாயத்தின் வரலாறு ஒன்று இருக்கிறது. தோட்ட மக்கள் பட்டணத்துக்கு வேலை தேடிப் போனார்கள் என்றே நாம் வழக்கமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அது பாதி உண்மை. பலர் முதலில் மாற்றியது வேலையை அல்ல, வீட்டை. சாவி தங்கள் கையில் இருக்கும் ஒரு வீட்டுக்காக, தினமும் வேலைக்குப் பயணம் போகும் வாழ்க்கையை ஏற்றுக்கொண்டார்கள்.

லயமும் வேலையும்

1877-இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. மோட்டார் வண்டி பரவி டயருக்குத் தேவை கூடியபோது, 1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் காடுகள் வேகமாகத் தோட்டங்களாயின. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அந்தத் தோட்டங்களின் லயங்களில் குடியேறினார்கள்.

லயத்தைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டியதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. பால் மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் பால் குறைந்து காயம் உறைந்துவிடும். அதனால் இருட்டோடு பெரட்டுக்கு நின்று, வெளிச்சம் வந்ததும் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் அன்றைக்குச் சில நூறு மரங்களை வெட்டி, பிறகு பாலை எடுத்து ஸ்டோரில் சேர்க்க வேண்டும். பஸ் இல்லாத காலத்தில், பத்து மைல் தள்ளி வீடு வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

தொழிலுக்கு வசதியாக இருந்த இந்த ஏற்பாடு, தொழிலாளியைக் கட்டிப்போடவும் உதவியது. வீட்டுக்கு வாடகை கிடையாது. தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருந்து, கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே தோட்டத்துக்குள் இருந்தன. ஆனால் எதுவும் அவர்களுக்குச் சொந்தமில்லை. "தோட்டத்துல வேலைய விட்டா வீட்டையும் விடணும்" என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். துரையோடு ஒரு தகராறு வந்தால் வேலை மட்டும் போகாது. பிள்ளைகளின் படிப்பும் தலைக்கு மேலிருந்த கூரையும் சேர்ந்து போகும். 55 வயதில் ஓய்வு பெற்றவர், வேலையில் இருக்கும் மகனையோ மகளையோ நம்பித்தான் அதே லயத்தில் தங்க முடியும். ரயில்வே, பொதுப்பணி, மருத்துவமனை குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

முள்வேலியும் துண்டாடலும்

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. காட்டோரத்தில் சிதறிக் கிடந்த லயங்களைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரமாக வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். கிந்தா பள்ளத்தாக்கில் இத்தகைய கிராமங்கள் நிறைய உண்டு. அவர்களில் மரம் வெட்டியவர்களும் ஈயலம்பத்தில் வேலை செய்தவர்களும், காலையில் வாயிற்கதவு திறந்த பிறகே வேலைக்குப் போக முடிந்தது. வீட்டையும் வேலையையும் பிரித்துப் பயணம் செய்யும் வாழ்க்கை பேராக்கில் பலருக்கு இப்படிக் கட்டாயத்தால்தான் தொடங்கியது.

நம் மக்களுக்குப் பெரிய அடி அதற்குப் பிறகு விழுந்தது. 1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். சிறு துண்டு நிலத்துக்கு லயமும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம், நிரந்தரத் தொழிலாளியும் வேண்டாம். குத்தகைக்காரரிடம் ஆள் கேட்டால் போதும். வேலை மிச்சமிருந்த இடத்திலும் வீடு போனது.

இதற்கு எதிராக எழுந்த முயற்சி நமக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பல குடும்பங்களை அந்தச் சங்கம் காப்பாற்றியது. ஆனாலும் விற்பனைக்கு வந்த எல்லாத் தோட்டங்களையும் அதனால் வாங்க முடியவில்லை.

1960-கள் முதல் ரப்பரை அழித்துச் செம்பனை நடும் வேலையும் வேகமெடுத்தது. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். விடியலுக்கு முன் மரத்தடியில் நிற்க வேண்டியதில்லை. அதே பரப்புக்கு ஆளும் குறைவாகவே தேவை. தொழிலாளியைத் தோட்டத்துக்குள் குடிவைக்க வேண்டும் என்ற பழைய தொழில் காரணம் இதோடு தளர்ந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் தமிழகத்துக்கே திரும்பினார்கள். இங்கே தங்கியவர்களிடம் மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: நம்ம வீடு எது?

ஈப்போ ஏன்?

பேராக் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கேள்விக்கான பதில் ஈப்போவும் அதன் சுற்றுவட்டாரமும்தான். புந்தோங்கில் ஏற்கெனவே தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். கச்சாங் பூத்தே வியாபாரத்தால் ஊர்ப் பெயர் நாடு முழுதும் தெரிந்த இடம் அது. உறவுக்காரர் ஒருவர் இருந்தால் போதும், பின்னாலேயே நாலு குடும்பம் வரும். மெங்லெம்பு, தாசேக், ஜெலப்பாங் பக்கம் தொழிற்சாலைகள் இருந்தன. மகள் தொழிற்சாலைக்கு, மகன் பட்டறைக்கு, அப்பா மட்டும் பழைய தோட்டத்துக்கு என்று குடும்பம் மூன்று திசையில் வேலைக்குப் போய், இரவில் ஒரே வீட்டுக்குத் திரும்ப முடிந்தது.

விலையும் கைக்கு எட்டியது. 1980-களின் தொடக்கத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் 25,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தது. மாத வருமானம் 750 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு அந்த வீடுகள். 1998-இல் உச்சவரம்பு 42,000 வெள்ளி வரை உயர்ந்தது. 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியிலிருந்து ஓய்வின்போது கிடைத்த பணத்தை, ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய பலர் வீட்டு முன்பணமாகப் போட்டார்கள்.

இன்னொரு காரணம் துக்கமானது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை நிலைகுலைந்தது. ஈயத்தால் வளர்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1988-இல் ஈப்போ மாநகரமானாலும், வீட்டு விலை தலைநகரைப் போலவோ பினாங்கைப் போலவோ ஏறவில்லை. ஒரு தொழிலின் வீழ்ச்சி, இன்னொரு தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குக் குடியிருக்க இடம் கொடுத்தது என்றும் சொல்லலாம்.

கப்சாயின் காலம்

வீடு மாறியது. வேலை எல்லாருக்கும் உடனே மாறவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவருக்குத் தெரிந்த தொழில் பால் வெட்டுவது, அல்லது குலை வெட்டுவது. அதிகாலை நான்கரைக்கு எழுந்து, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கமோ பத்து காஜா பக்கமோ கப்சாய் மோட்டார் சைக்கிளில் போனவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குத்தகைக்காரரின் லாரிக்காக முச்சந்தியில் நின்ற பெண்களையும், தொழிற்சாலை பஸ்ஸுக்காக நின்ற இளம் பெண்களையும் பார்த்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் 1883-இல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் காலை ரயில் விட வேண்டும் என்று அது ரயில் நிறுவனங்களைப் பணித்தது. லண்டன் தொழிலாளர்கள் நெரிசலான நடுநகரை விட்டுப் புறநகரில் குடியேற அது உதவியது. நம் தோட்ட மக்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, ரயிலும் இல்லை. தவணையில் வாங்கிய கப்சாய்தான் அவர்களின் தொழிலாளர் ரயில்.

வீட்டுத் தவணை, தண்ணீர் பில், கரண்ட் பில், பெட்ரோல், பள்ளி வேன் என்று லயத்தில் இல்லாத செலவுகள் வரிசையாக வந்தன. நேரமும் போனது. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 50 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரம். முழுதாக 25 நாள், இரவும் பகலும், சாலையிலேயே போகிறது. வீட்டின் விலையில் இதையும் சேர்த்துத்தான் அவர்கள் கட்டினார்கள். "போனா போவுது, யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாதுல்ல" என்று கேட்டால் சொல்வார்கள்.

பள்ளிக்கூடமும் பயணப்பட்டது

ஆசிரியர்களாகிய நம்மை இந்த வரலாறு நேரடியாகத் தொடும் இடம் இது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பள்ளிக்கூடமும் லயத்தைப் போலத் தோட்டத்தோடு கட்டப்பட்டது. நிலம் தோட்ட முதலாளியுடையது. லயம் காலியானபோது பள்ளிக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் போன தாமானில் பள்ளிக்கு நிலம் இல்லை.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல்தான். அவற்றில் ஆக அதிகமாக, 134 பள்ளிகள், பேராக்கில் இருக்கின்றன. இவற்றில் பல 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள். ஒரு பக்கம் செம்பனைக்கு நடுவே சில பிள்ளைகளோடு ஒரு பள்ளி. இன்னொரு பக்கம் பட்டணத்தில் வகுப்பறை போதாத ஒரு பள்ளி. தோட்டப் பள்ளியைக் காப்பாற்ற, தாமானிலிருந்து பிள்ளைகள் வேனில் தோட்டத்துக்கே திரும்பிப் போகும் ஊர்களும் உண்டு. வேறு சில பள்ளிகள் தாமான் பக்கம் புதிய கட்டடத்துக்கு மாறின. பெயர்ப் பலகையில் தோட்டத்தின் பெயர் இருக்கும், தோட்டம் இருக்காது. அந்தப் பெயர் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

இப்போது ரயில்

மூன்றாம் தலைமுறையின் பயணம் இன்னும் நீண்டுவிட்டது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையானது. 2010 ஆகஸ்டில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இ.டி.எஸ். மின் ரயில் ஓடத் தொடங்கியது. 200 கிலோமீட்டர் தூரத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் கடக்கலாம். தினமும் போய் வர இது கடினம்தான். அதனால் பலர் திங்கள் காலை ஏறி வெள்ளி இரவு திரும்புகிறார்கள். மாநிலத்தின் தென்கோடியில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்ட தஞ்சோங் மாலிமில் வீடு வைத்துக்கொண்டு, கொம்யூட்டர் ரயிலில் தலைநகருக்குப் போகிறவர்களும் உண்டு. ஜொகூர் பாருவில் குடியிருந்து காஸ்வே வழியாகத் தினமும் சிங்கப்பூர் போகிறவர்களின் கணக்கும் இதேதான்: சம்பளம் அங்கே, வீடு இங்கே.

தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பேரனுக்கு வேலை போனாலும் அன்றைக்கே வீடு போகாது. பயணத்தில் களைத்துத் தூங்கும் அந்த அப்பாவைப் பற்றிப் பேசும்போது, இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதே சமயம், வாரம் ஐந்து நாள் அப்பா இல்லாத வீட்டில் பாட்டியோடு வளரும் பிள்ளையின் நிலையையும் நாம் மறக்கக் கூடாது. லயத்தில் அப்பா மத்தியானத்துக்கே வீட்டில் இருப்பார்.

வகுப்பறைக்கு

ஆண்டு 4 முதல் 6 வரை வரலாற்றுப் பாடத்தோடு இதைச் சேர்க்கலாம். மாணவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு வரட்டும்:

1. நீங்க முதல்ல இருந்த வீடு யாருக்குச் சொந்தம்?
2. அங்கிருந்து வேலைக்கு எவ்ளோ தூரம், எப்படிப் போனீங்க?
3. ஏன் அந்த வீட்ட விட்டு வந்தீங்க?
4. வரும்போது என்ன எடுத்துட்டு வந்தீங்க, என்ன விட்டுட்டு வந்தீங்க?

பதில்களைப் பேராக் வரைபடத்தில் கோடுகளாக வரையச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு நிறப் புள்ளி, வேலைக்கு ஒரு நிறப் புள்ளி. தாத்தா காலத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். அம்மா அப்பா காலத்துக் கோடு நீளும். எல்லாக் கோடுகளும் முடிந்ததும், நான்காம் கேள்விக்கு வந்த பதில்களை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத தோட்டப் பெயர்கள் அப்போது வெளியே வரும். அவற்றை எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.