தாடையைத் தின்ற தீக்குச்சி

கரண்ட் போனதும் எல்லாரும் முதலில் தேடுறது நெருப்புப்பெட்டியைத்தானே. ஒரு குச்சியை உரசினால் வெளிச்சம் வந்துவிடும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குச்சிகளைச் செய்துகொடுத்த தொழிலாளர்கள் சிலர், அதற்காகத் தங்கட தாடை எலும்பையே இழந்தார்கள். கைத்தொழிற் புரட்சி என்று நாங்கள் படிக்கிறபோது நீராவி இயந்திரம் வரும், ரயில் வரும். இவர்கள் வருவதில்லை.

1830களில் ஐரோப்பாவில், எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் மலிவான தீக்குச்சி பரவியது. அதன் நுனியில் இருந்தது வெள்ளைப் பொஸ்பரஸ். அதன் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்களில் சிலருக்கு, சில வருடங்களில் பல்லுக்கொதி தொடங்கும். முரசு வீங்கும். பல்லைப் பிடுங்கினாலும் குழி ஆறாது, ஏனென்றால் உள்ளே தாடை எலும்பு செத்துக்கொண்டிருக்கும். சீழ் வெளியேற வழி தேடி, தசையைத் துளைத்துக்கொண்டு கன்னத்திலோ நாடியிலோ வாய் திறக்கும். 'புரையோடிப்போன பிரச்சினை' என்று பேப்பரில் அடிக்கடி வாசிக்கிறோம். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் இதுதான்: மேலே சின்னத் துளை, உள்ளே ஆழமான சீழ்க்குழாய்.

1845இல் வியன்னாவைச் சேர்ந்த லோரின்சர் என்ற வைத்தியர் இந்த நோயைத் தீக்குச்சித் தொழிலோடு சேர்த்து எழுதினார். ஆனால் மருந்தால் இதைக் குணமாக்க முடியவில்லை. வெளித்துளையை மட்டும் மூடினால் அது திரும்பவும் திறக்கும், செத்த எலும்பு உள்ளேயே இருக்கும்வரை சீழ் நிற்காது. எனவே சத்திரசிகிச்சை நிபுணர்கள் எலும்புவரை வெட்டித் திறந்து, செத்த பகுதியை அகற்றினார்கள்.

1856இல் நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் ஜேம்ஸ் ரஷ்மோர் வுட் என்பவர், தீக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணின் கீழ்த்தாடை முழுவதையும் இரண்டு கட்டமாக எடுத்தார். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை வெட்டாமல் விட்டதால், அந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்தது. மருத்துவ வரலாற்றில் இது பெரிய சாதனைதான், நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வயது 16. அவளை அந்த மேசைக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்காமல் சாதனையை மட்டும் எப்படிப் பாராட்டுவது?

மாற்று வழி இல்லாமல் இருந்திருந்தால் வேறு கதை. ஆவியால் இப்படி நஞ்சூட்டாத சிவப்புப் பொஸ்பரஸை 1840களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1850களில் சுவீடனில் அதைப் பெட்டியின் பக்கத்தில் பூசி, பாதுகாப்பான தீப்பெட்டியும் செய்தார்கள். இன்று எங்கட குசினியில் இருப்பது அந்த வகைதான். ஆனால் பழையது மலிவு, சனமும் அதைத்தான் வாங்கியது. முதலாளிமார் விடவில்லை.

1888இல் லண்டனின் பிரயண்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்களின் நிலைமையை அன்னி பெசன்ட் எழுதி வெளியிட்டார். பின்னாளில் சென்னை அடையாறுக்கு வந்த அதே பெசன்ட் அம்மையார்தான். கொஞ்ச நாளில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். எங்கட வயது, எங்களைவிடச் சின்னவர்களும்தான். அபராதம் நீக்கப்பட்டது. பொஸ்பரஸ் படாத தனி இடத்தில் சாப்பிடும் உரிமை கிடைத்தது. ஆனால் வெள்ளைப் பொஸ்பரஸ் போகவில்லை. 1898இல், 17 பேருக்கு வந்த தாடை நோயை அறிவிக்காமல் மறைத்ததற்காக அதே கம்பனி தண்டிக்கப்பட்டது. தண்டம் சுமார் 25 பவுண் மட்டும்.

1901இல்தான் அந்தக் கம்பனி வெள்ளைப் பொஸ்பரஸை நிறுத்தியது. 1906இல் பேர்ண் நகரில் அதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரித்தானியாவில் தடை நடைமுறைக்கு வந்தது 1910இல். லோரின்சர் எழுதி 65 வருடம் கழித்து.

அந்த 65 வருடமும் வைத்தியர்கள் ஒவ்வொரு முகமாகத் திறந்து செத்த எலும்பை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சீழின் மூலம் தொழிற்சாலைக்குள் இருந்தது. அதை எடுக்க வேலைநிறுத்தமும் சட்டமும் தேவைப்பட்டன. இன்று ஒரு தொழிலாளிக்கு வந்த நோயைப் பற்றி வாசிக்கிறபோது, 'நல்ல சிகிச்சை கிடைத்ததா' என்பதோடு நிற்காமல், 'இது வரும் என்று முன்னமே யாருக்குத் தெரிந்திருந்தது' என்றும் நாங்கள் கேட்கப் பழக வேணும்.