ஸ்ரைக் எண்டால் அடியா, இறக்குறதா?

காலை ஏழரை. பஸ் ஸ்ராண்டில நிக்கிறம். ஒண்டும் வரேல்ல. பக்கத்தில நிண்ட அம்மா சொல்லுறா, "இண்டைக்கு ஸ்ரைக்காம் பிள்ளையள்." வீட்டுக்குத் திரும்பிப் போய் மச் பார்க்கிறம். வர்ணனையாளர் ஒருவரின் 'ஸ்ரைக் ரேட்' பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். சனலை மாத்தினால் செய்தி. எங்கேயோ ஒரு நகரத்தின் மேல் 'எயார் ஸ்ரைக்', இடிந்த வீடுகள். பிறகு கரண்ட் போகுது, நெருப்புப்பெட்டியைத் தேடுறம். நெருப்புக்குச்சியைத் தட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

பந்தை அடிப்பது, குண்டு போடுவது, குச்சியைத் தட்டுவது, இந்த மூன்றிலும் ஓர் 'அடி' இருக்குது, விளங்குது. ஆனால் பஸ் ஓடாமல் நிற்பதில் என்ன அடி? வேலை செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஒருவர் யாரை அடிக்கிறார்? இந்தக் கேள்வியோடுதான் சொல்லின் பின்னால் போனோம்.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் அடிப்பது இல்லை. தடவுவது, வழிப்பது, நகர்ந்து போவது என்பவைதான். இதன் உறவுக்காரச் சொல்லான 'ஸ்ட்ரைக்கன்' ஜேர்மன் மொழியில் இண்டைக்கும் இருக்கு. பாணுக்குப் பட்டர் பூசுவதற்கும் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதற்கும் அதைத்தான் சொல்லுவினம். ஆங்கிலேயர் தானியம் அளக்கும்போது, பாத்திரத்துக்கு மேலே குவிந்து நிற்கிறதை விளிம்போடு வழித்துவிட ஒரு தடி வைத்திருந்தார்கள். அந்தத் தடிக்கும் இதே பெயர்தான். எங்கட வீடுகளில் கொத்தில அரிசி அளக்கேக்க கையால வழிச்சு விடுறமே, அதே வேலை. தடவுகிற கை அடிக்கிற கையாக மாறியது பிறகுதான்.

வேலைநிறுத்தம் என்ற பொருள் வந்ததோ கடல் வழியாக. கப்பல்காரர் பேச்சில் பாயை 'ஸ்ரைக்' பண்ணுவது என்றால் பாயைக் கீழே இறக்குவது. போரில் தோற்ற கப்பல் கொடியை இறக்குவதற்கும் அதே சொல். 1768 ஆம் ஆண்டு லண்டனில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஏறிக் கிடந்த காலம். கூலி போதாது என்று மாலுமிகள் தேம்ஸ் நதியில் நின்ற வணிகக் கப்பல்களில் ஏறிப் பாய்களை இறக்கினார்கள். பாய் இல்லாத கப்பல் எங்கே போகும்? துறைமுகம் முடங்கியது. அதே ஆண்டிலேயே லண்டனில் தொப்பி செய்கிற தொழிலாளர் கூலி கேட்டு வேலையை நிறுத்தியதைப் பதிவு செய்தவர்கள் இந்தச் சொல்லையே போட்டார்கள். தொப்பிக் கடையில் பாயும் இல்லை, பாய்மரமும் இல்லை. கப்பலில் இருந்து இறங்கிய சொல் கரையில் நடக்கத் தொடங்கிவிட்டது.

ஆக, பெரும்பாலான அகராதிகள் காட்டுகிற வழியில் பார்த்தால், இந்த ஸ்ரைக் பிறந்தது அடியில் இல்லை, இறக்கியதில். நான் இல்லாமல் இந்தக் கப்பல் ஓடாது என்று காட்டுவதில்.

120 வருடம் கழித்து இரண்டு பொருளும் ஒரே தொழிற்சாலையில் சந்தித்தன. கிழக்கு லண்டனில் பிரையன்ற் அன்ட் மே நெருப்புக்குச்சித் தொழிற்சாலை. எங்கு உரசினாலும் பற்றுகிற குச்சிகளுக்கு வெள்ளைப் பொஸ்பரஸ் தேவை. அந்தப் புகை வேலையாட்களின் தாடை எலும்பை அழுகச் செய்தது. கூலி கொஞ்சம். பிந்தி வந்தால், கதைத்தால், எதற்கெடுத்தாலும் தண்டப்பணம். 1888 யூனில் அனி பெசன்ற் இதைப் பத்திரிகையில் எழுதினார். யூலையில் ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அதில் பலர் எங்கட வயதும் வராத பிள்ளைகள். கிழமைக் கணக்கில் நீடித்த போராட்டத்தின் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது, தண்டப்பணம் நீங்கியது. ஆனால் வெள்ளைப் பொஸ்பரஸ் குச்சிகளைப் பிரித்தானியா தடை செய்ய 1910 ஆகிவிட்டது. குச்சியைத் தட்டினால் நெருப்பு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். குச்சி செய்கிற கை நிற்கும்போதுதான் அந்தக் கை இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

மற்ற மொழிகள் இதே செயலை வேறு படங்களாகப் பார்த்திருக்கின்றன. பிரெஞ்சில் 'கிரேவ்'. பாரிஸில் செயின் நதிக்கரையில் இருந்த மணல் திடலின் பெயர் அது. வேலை இல்லாதவர்கள் யாராவது கூப்பிடுவார்களா என்று அங்கேதான் காத்து நிற்பார்கள். வேலை தேடி நின்ற இடத்தின் பெயர், பிறகு வேலையை மறுத்து நிற்பதற்கும் ஆகிவிட்டது. குஜராத்தியில் இருந்து வந்தது எங்களுக்கு நல்லாத் தெரிந்த 'ஹர்த்தால்'. கடையும் பூட்டும் சேர்ந்த சொல். 1919 இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராகக் காந்தி அழைத்த ஹர்த்தாலோடு அது எல்லாருடைய வாயிலும் ஏறியது.

இலங்கையில் அந்தச் சொல்லின் பெரிய நாள் 1953 ஓகஸ்ட் 12. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியது. இடதுசாரிக் கட்சிகள் அழைத்தன, தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. கடைகள் பூட்டின, ரயில்கள் நின்றன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் போய்க் கூடியது. பொலிஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

எல்லா ஸ்ரைக்கும் அப்படி முடியவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸின் சூட்டில் இறந்தார். 1980 யூலையில் மாதம் 300 ரூபா கூடக் கேட்டு அரச ஊழியர் வேலையை நிறுத்தினார்கள். ஜே.ஆர். அரசாங்கம் 40,000 க்கும் மேற்பட்டவர்களை வேலையில் இருந்து தூக்கியது. பாயை இறக்கினவர்களையே கப்பலில் இருந்து இறக்கிவிட்ட கதை அது.

இண்டைக்கு எங்கட பத்திரிகைகளில் பணிப்பகிஷ்கரிப்பு, அடையாள வேலைநிறுத்தம், சுகயீன விடுமுறைப் போராட்டம் என்று எத்தனையோ பெயர். இதையெல்லாம் வாசிக்கேக்க எங்களுக்கு ஒரு சங்கடமும் இருக்கு. விடியவே கிளினிக்குக்கு வந்து, டொக்டர் இல்லை என்று திரும்பிப் போகிற அம்மாவுக்கு அது இறக்கின பாய் இல்லை, அடிதான். ஹர்த்தால் நாளில் அன்றாடக் கூலிக்காரரின் வீட்டில் உலை வைப்பது கஷ்டம். அவருக்கும் அடிதான். கடலில் பிறந்த பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு இதை மறைக்க ஏலாது.

ஆனால் அடிபட்ட உடனே யார் அடித்தது என்று முடிவு கட்டவும் ஏலாது. 1768 இல் பாயை இறக்கியது மாலுமி. அவருடைய கூலியைச் சாப்பாட்டு விலைக்குக் கீழே வைத்திருந்தது வேறு ஆட்கள். அவர்கள் செய்ததற்கு யாரும் ஸ்ரைக் என்று பெயர் வைக்கவில்லை. சத்தமில்லாமல் விழுகிற அடிக்குச் சொல் கிடைப்பது குறைவு.

அந்தக் காலையில் பஸ் ஸ்ராண்டில நாங்களும் டிரைவர்மாரைத் திட்டிக்கொண்டுதான் நிண்டனாங்கள். அவையள் என்ன கேட்டு நிப்பாட்டினவை எண்டு ஒருத்தரும் விசாரிக்கேல்ல. அடுத்த முறை முதலில் அதைக் கேப்பம். திட்டுறதைப் பிறகு பாப்பம்.