கியர் பொக்ஸ் மாற்றியபின் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எர்த்தைப் பாருங்கள்

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாண வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடியவை மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம். 1971இல் உற்பத்தி நின்ற மொரிஸ் மைனரை நம்மவர்கள் இன்றும் கைவிடவில்லை. தேய்ந்த கியர் பொக்ஸுக்குப் பதிலாக ஜப்பானிய ஐந்து கியர் பொக்ஸைப் பூட்டுவோரும் உண்டு.

அதன்பின் ஸ்டார்ட்டர் சோர்ந்து சுழன்றாலோ, சோக் கேபிள் சுட்டாலோ, உடனே புதுப் பற்றரி வாங்க வேண்டாம்.

எஞ்சினும் கியர் பொக்ஸும் இறப்பர் தாங்கிகளில் இருக்கின்றன. இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அவற்றைக் காரின் பொடியோடு இணைப்பது ஒரு எர்த் பட்டி. கியர் பொக்ஸை இறக்கக் கழற்றிய அதைப் பூட்ட மறந்தாலோ, துருவின்மேல் பூட்டினாலோ, மின்சாரம் சோக் கேபிள் வழியே பாயும். கேபிள் தீப்பிடிக்கவும் கூடும்.

சோதிக்கும் முறை: கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். மீற்றரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் பிடித்தபடி, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான்.

மொரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பற்றரியின் பிளஸ் முனையே எர்த். பிறகு யாரும் மாற்றியிருக்கலாம்; பார்த்துக்கொள்ளுங்கள்.

பற்றரியைக் கழற்றிவிட்டு, பட்டியின் இரு முனைகளையும், அவை பூட்டும் இடங்களையும் இரும்பு பளிச்செனத் தெரியும்வரை தேய்த்துப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். வீரமுனை, கல்முனைப் பக்கத்து உப்புக்காற்றுக்கு அந்தக் கிறீஸ் அவசியம்.