சமிஸ்தாத்: அச்சேறாத நாவல்களின் வாசிப்பு

சமிஸ்தாத் என்பது சோவியத் ஒன்றியத்திலும் அதன் செல்வாக்குக்கு உட்பட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலும், தணிக்கைக்குப் போகாமல் வாசகர்களே படியெடுத்துக் கைமாற்றிப் படித்த எழுத்துகளைக் குறிக்கும் பெயர். அவ்வாறு படியெடுத்துப் பரப்பும் வழக்கத்துக்கும் அதே பெயர்தான். ருஷ்ய மொழியில் 'சம்' என்றால் 'தானே'. 'இஸ்தாத்' என்பது பதிப்பகத்தைக் குறிக்கும் சொல்லின் குறுக்கம். அரசுப் பதிப்பகத்துக்கு வழங்கிய 'கோஸிஸ்தாத்' என்னும் பெயரைப் போலவே இதுவும் அமைந்தது. வெளிநாட்டில் அச்சாகிக் கள்ளத்தனமாக உள்ளே வந்த நூல்களைத் 'தமிஸ்தாத்' என்றனர். 'தம்' என்றால் 'அங்கே'. கவிதை, நினைவுக்குறிப்பு, மனித உரிமை ஆவணம் எல்லாமே இவ்வழியில் பரவின. இக்கட்டுரை நாவல்களை மட்டும், அவற்றிலும் குறிப்பாக டிஸ்டோபியா எனப்படும் கெடுங்கனவு எதிர்கால நாவல்களையும் மிகைபுனைவுகளையும் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் வாசகர், படியெடுப்பவர், பரிந்துரைப்பவர் மூவரும் ஒருவரே. ஒரு நாவல் பிடித்திருந்தால் அவர் அதைத் திரும்பத் தட்டச்சு செய்வார். பிடிக்காவிட்டால் வந்த வழியே திருப்பிக் கொடுத்துவிடுவார். மதிப்புரை எழுத இடமில்லாத ஊரில் 300 பக்கத்தைத் தட்டச்சு செய்ய ஒருவர் உட்கார்ந்தார் என்பதே அந்நூலுக்குக் கிடைத்த மதிப்புரை.

முன்வரலாறு

இவ்வழக்கம் சோவியத் ஆட்சிக்கும் முந்தியது. ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரதீஷ்செவ் 1790-இல் தன் வீட்டு அச்சுப்பொறியிலேயே அச்சிட்ட பயண நூல் பறிமுதலாகி, அவர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட பிறகு, கையெழுத்துப் படிகளாகவே பல ஆண்டுகள் வாசிக்கப்பட்டது.

ஸம்யாதினின் 'நாம்'

இருபதாம் நூற்றாண்டு டிஸ்டோபியா நாவல்களுக்கு முன்னோடி எனப் பலர் கருதும் 'நாம்' 1920–21-இல் எழுதப்பட்டது. ஆசிரியர் யெவ்கேனி ஸம்யாதின் கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் ருஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். நாவலில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான். வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. கதை சொல்லும் டி-503 என்பவனும் ஒரு பொறியாளனே.

சொந்த நாட்டில் அச்சேறாத இந்நாவலை அங்குள்ள திறனாய்வாளர்கள் கையெழுத்துப் படியாகவே படித்தனர். 1922-இல் வொரோன்ஸ்கியும் 1924-இல் தின்யானவும் அதைப் பற்றி அச்சில் எழுதினர். நூல் வராமலே அதைப் பற்றிய விமர்சனம் வந்துவிட்டது.

1924-இல் கிரெகரி ஸில்பூர்க் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு நியூயார்க்கில் வெளியானதே இதன் முதல் நூல்வடிவம். 1927-இல் பிராக் நகரில் இயங்கிய புலம்பெயர்ந்தோர் இதழான 'வோல்யா ரஸ்ஸீ' ருஷ்ய மொழியிலேயே சில பகுதிகளை வெளியிட்டது. ஆசிரியருக்கு இடர் வராமல் காக்க, செக் மொழிபெயர்ப்பிலிருந்து திரும்ப மொழிபெயர்த்ததுபோல் தோன்றும்படி இதழாசிரியர் மார்க் ஸ்லோனிம் நடையை மாற்றினார். ஸம்யாதினின் சம்மதம் இதற்கு இருந்ததா என்பதில் இரு வேறு கருத்துகள் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றே அவர் சொன்னார். அந்த ஏற்பாடு அவரைக் காக்கவும் இல்லை. 1929-இல் எழுத்தாளர் அமைப்புகள் அவர்மீது பாய்ந்தன. 1931-இல் நாட்டை விட்டுச் செல்ல அனுமதி கேட்டு ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். எழுத்தாளர் மக்சீம் கோர்க்கி பரிந்து பேச, அனுமதி கிடைத்தது. 1937-இல் பாரிஸில் இறந்தார். முழு ருஷ்ய மூலம் 1952-இல் நியூயார்க்கில்தான் அச்சாயிற்று.

ஜார்ஜ் ஆர்வெல் கிளெப் ஸ்த்ரூவே எழுதிய நூலின் வழியே இந்நாவலைப் பற்றி அறிந்து, தேடிப் படித்து, 1946 ஜனவரியில் 'டிரிப்யூன்' இதழில் மதிப்புரை எழுதினார். '1984' நாவலுக்கு இது எந்த அளவு கடன் கொடுத்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' இதிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என ஆர்வெல் கருதினார். ஹக்ஸ்லி அதை மறுத்தார்.

1931 முதல் 1953 வரை

வீட்டுச் சோதனைக்கு அஞ்சித் தம் தாள்களைத் தாமே எரித்தவர்கள் பலர். இக்காலத்திலிருந்து எஞ்சியவை சிலவே. 1940-களில் கவிஞர் நிக்கோலாய் கிளாஸ்கோவ் தன் தட்டச்சுக் கவிதைத் தொகுப்புகளில் பதிப்பகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'தன்னைத்தானே பதிப்பித்தது' என்று பொருள்படும் ஒரு சொல்லை இட்டார். சமிஸ்தாத் என்னும் சொல் அதிலிருந்து வந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து.

தட்டச்சுக் காலம்: 1956–1987

இக்காலமே மிக நன்றாகப் பதிவானது. ஈடுபட்டவர்களின் நினைவுக்குறிப்புகளோடு, அவர்களைத் தண்டித்த நீதிமன்றங்களின் ஆவணங்களும் எஞ்சியுள்ளன.

முறை எளியது. வெங்காயத்தோல் போன்ற மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள்களைச் செருகித் தட்டச்சுப் பொறியில் ஏற்றுவார்கள். நான்கைந்து படிகள் தெளிவாக விழும். தாள் இன்னும் மெல்லியதாக இருந்து, விசையை ஓங்கி அடித்தால் மேலும் சில கிடைக்கும். கடைசிப் படியில் எழுத்துகள் நீலப் புகையாகக் கலைந்திருக்கும். வேண்டியவர்களுக்கு முதற்படி, மற்றவர்களுக்கு அடிப்படி. பாடகர் அலெக்சாந்தர் காலிச் 'எரிக்கா' என்னும் ஜெர்மன் தட்டச்சுப் பொறியைத் தன் பாடல் ஒன்றில் வைத்தார். அதிலிருந்து அப்பெயரே இவ்வியக்கத்தின் அடையாளமாயிற்று. சத்தம் அண்டை வீட்டுக்குக் கேட்காதிருக்கப் பொறியின் அடியில் போர்வையை மடித்து வைப்பார்கள். அலுவலகத் தட்டச்சுப் பொறிகளின் எழுத்து மாதிரிகள் காவல்துறையிடம் இருந்தன. தனியார் பொறிகளுக்கும் அவ்வாறு பதிவு இருந்ததா என்பதில் சாட்சியங்கள் முரண்படுகின்றன. ருமேனியாவில் மட்டும் 1983-ஆம் ஆண்டு ஆணை தனியார் பொறிகளையும் பதிவு செய்யச் சொன்னது.

நாவல் ஓர் இரவுக்குத்தான் கிடைக்கும். விடிவதற்குள் அடுத்தவரிடம் போகவேண்டும். ஆகவே நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் படித்து முடித்த தாளை அடுத்தவருக்குத் தள்ளி, பிரிந்த தாள்களாகவே ஒரே இரவில் ஐந்தாறு பேர் ஒரு நாவலை முடிப்பார்கள். பக்கங்களைப் படம்பிடித்துப் புகைப்படத் தாளில் எடுத்த படிகளும் உண்டு. அவை செங்கல் கட்டுபோல் கனத்தன.

மிகயீல் புல்ககோவின் 'நாயின் இதயம்' 1925-இல் எழுதப்பட்டது. அதன் பிரதி 1926-இல் வீட்டுச் சோதனையில் பறிமுதலானது. பின்னர் திருப்பித் தரப்பட்டது. 1987 வரை நாட்டினுள் அது தட்டச்சில் மட்டுமே வாழ்ந்தது. 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' நாவலின் கதை வேறு. ஆசிரியர் 1940-இல் இறந்தபின் அவர் மனைவி யெலேனா கால் நூற்றாண்டு அதைக் காத்து வைத்திருந்தார். 'மாஸ்க்வா' இதழ் 1966 நவம்பரிலும் 1967 ஜனவரியிலும் இரண்டு பகுதிகளாக அதை வெளியிட்டபோது சுமார் 12 சதவீதம் வெட்டப்பட்டிருந்ததாகக் கணக்கிடுவர். வெட்டப்பட்ட வரிகள் தனியே தட்டச்சாகிச் சுற்றின. இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்துத் தைத்து, விடுபட்ட இடந்தோறும் மெல்லிய தாள் துண்டுகளைப் பசையிட்டு ஒட்டி, வாசகர்கள் தங்களுக்கான முழு நாவலைத் தாங்களே கட்டினார்கள். அச்செழுத்தும் தட்டச்சு எழுத்தும் ஒரே பக்கத்தில் மாறிமாறி வரும் அப்படிகள் எந்தப் பதிப்பாசிரியரின் வேலைக்கும் குறைந்தவை அல்ல. பிராங்பர்ட்டின் 'போசேவ்' பதிப்பகம் 1969-இல் வெட்டுப்பட்ட பகுதிகளைச் சாய்வெழுத்தில் காட்டி முழுநூலை வெளியிட்டது.

யூலி தானியேலின் 'மாஸ்கோ பேசுகிறது' ஒரு குறுநாவல். 1960 ஆகஸ்ட் 10-ஆம் நாளை 'வெளிப்படைக் கொலைகள் நாள்' என அரசு அறிவிப்பதாக அதில் வானொலிச் செய்தி வருகிறது. அதை ஒருவரும் எதிர்த்துக் கேட்பதில்லை என்பதே கதையின் திகில். அதையும், ஆந்திரேய் சின்யாவ்ஸ்கி 'அப்ராம் தேர்த்ஸ்' என்ற புனைபெயரில் எழுதிய மிகைபுனைவுகளையும் வெளிநாட்டில் அச்சிட்டதற்காக இருவர் மீதும் 1966 பிப்ரவரியில் வழக்கு நடந்தது. சின்யாவ்ஸ்கிக்கு 7 ஆண்டும் தானியேலுக்கு 5 ஆண்டும் தண்டனை. கற்பனைப் பாத்திரங்கள் பேசியவை ஆசிரியர்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் சோவியத் அமைப்பைப் பற்றிப் பொய் பரப்புவதற்கு 3 ஆண்டு வரை சிறை என்னும் 190-1 பிரிவு சேர்ந்தது. வழக்கின் ஆவணங்களை அலெக்சாந்தர் கின்ஸ்பர்க் 'வெள்ளை நூல்' என்று தொகுக்க, அதுவும் சமிஸ்தாத்தில் சுற்றியது. 1968-இல் அவருக்கு 5 ஆண்டு. அவருடன் கைதான யூரி கலன்ஸ்கோவுக்கு 7 ஆண்டு. கலன்ஸ்கோவ் 1972-இல் முகாமிலேயே இறந்தார். அதே வழக்கில் ஓராண்டு தண்டனை பெற்ற வேரா லாஷ்கோவா தட்டச்சு செய்து கொடுத்தவர். இந்த வரலாற்றை எழுதுவோர் நூலாசிரியர்களின் பெயர்களோடு அவர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1968 ஏப்ரலில் நத்தாலியா கர்பனேவ்ஸ்கயா தட்டச்சு செய்து தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' கைதுகளையும் சோதனைகளையும் பதிந்த மனித உரிமை இதழ். அதில் 'சமிஸ்தாத் செய்திகள்' என்றொரு பகுதி வந்தது. புதிதாகச் சுற்றும் எழுத்துகளின் பெயரும் ஓரிரு வரிச் சுருக்கமும் அதில் இருக்கும். பாராட்டு இல்லை, அடைமொழி இல்லை. இவ்வகை வாசிப்புக்கு எழுத்தில் கிடைக்கும் பரிந்துரைப் பட்டியல் என்றால் பெரிதும் இதுவே.

அர்க்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் அறிவியல் புனைவுகள் அரசுப் பதிப்பகங்களில் வந்தவை. ஆனால் 'அவலட்சண அன்னங்கள்' (எழுதியது 1966–67) மட்டும் எங்கும் ஏற்கப்படவில்லை. ஓயாமல் மழை பெய்யும் ஓர் ஊர். அதன் ஓரத்தில் நோயாளிகளென்று ஒதுக்கப்பட்ட மனிதர்கள். அவர்களுக்குச் சோறில்லாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கப் புத்தகம் இல்லாவிட்டால் செத்துப்போவார்கள். இக்கதை கார்பன் படிகளில் வீடு வீடாகப் போயிற்று. 1972-இல் 'போசேவ்' அனுமதியின்றி அச்சிட்டபோது ஆசிரியர்கள் பகிரங்கமாகக் கண்டனம் எழுத வேண்டியதாயிற்று. 1987-இல் ரீகா நகர இதழ் ஒன்றில் வேறு தலைப்பில் வெளிவந்தது. 1972-இல் முடித்த 'சபிக்கப்பட்ட நகரம்' நாவலை அவர்கள் சுற்றுக்கே விடவில்லை. அதை வெளிக்காட்டாமல் வைத்திருந்து 1980-களின் இறுதியில்தான் வெளியிட்டனர்.

மிகைபுனைவில் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' தனி இடம் பெறுகிறது. ஸினயீதா போபிர் 1960-களில் அதைச் சுருக்கி மொழிபெயர்த்தார். தணிக்கையைக் கடக்க, விஞ்ஞானிகள் சிலர் அந்த மோதிரத்தை ஆராய்ந்து விவாதிப்பதாக இடைக்காட்சிகளைச் சேர்த்து அதை அறிவியல் கதையாக்கிப் பார்த்தார். அப்படியும் அச்சேறவில்லை, தட்டச்சில் சுற்றியது. பேர்ம் நகரில் அலெக்சாந்தர் குரூஸ்பெர்க் 1970-களில் செய்த மொழிபெயர்ப்பும் அவ்வாறே. 1982-இல் முதற்பாகம் மட்டும் சுருக்கமாக அரசுப் பதிப்பில் வந்து, மற்றவை நின்றன. 1983-இல் அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத்தைத் 'தீய பேரரசு' என்றதே காரணம் எனச் சிலர் சொல்வர். அப்பதிப்பின் மொழிபெயர்ப்பாளர்களுக்குள் நேர்ந்த சிக்கலே காரணம் என்பாரும் உளர். மீதியைப் படிக்கத் துடித்தவர்கள் தட்டச்சுப் படிகளுக்கே திரும்பினர்.

அதே ஆண்டுகளில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே நூல்களை அச்சிட்டு அனுப்ப, அவை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே தமிழகத்தில் மலிவு விலையில் விற்றன. கோர்க்கியையும் தல்ஸ்தோயையும் தமிழில் தந்த அந்நகரம் ஸம்யாதினைத் தன் மொழியிலும் தரவில்லை.

பிற நாடுகள்

செக்கோஸ்லோவாக்கியாவில் லுத்விக் வத்சுலிக் 1970-களின் தொடக்கத்தில் 'பெத்லிட்சே' (தாழ்ப்பாள்) வரிசையைத் தொடங்கினார். தட்டச்சு செய்து கட்டடம் செய்யப்பட்ட அந்நூல்களில், இதை மேலும் படியெடுக்கக் கூடாது என்னும் குறிப்பு இருக்கும். சட்டத்திலிருந்து தப்பவே அக்குறிப்பு. எகோன் போந்தியின் 'ஊனமுற்ற உடன்பிறப்புகள்' (1974) செக் தலைமறைவு இலக்கியத்தின் டிஸ்டோபியா. போலந்தில் 1977-இல் தொடங்கிய 'நோவா' பதிப்பகம் அச்சுப்பொறியையே மறைவிடங்களில் இயக்கியதால் படிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. தாதேவுஷ் கொன்விட்ஸ்கியின் 'சிறிய ஊழி' 1979-இல் இவ்வழியே வெளியானது. கட்சித் தலைமையகத்தின் முன் தீக்குளிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படும் ஓர் எழுத்தாளரின் ஒருநாள் அந்நாவல்.

1987-க்குப் பின்

தணிக்கை தளர்ந்ததும் 'நாம்' 1988-இல் 'ஸ்னாம்யா' இதழிலும் '1984' 1989-இல் 'நோவி மீர்' இதழிலும் வெளிவந்தன. 2000-இல் தொடங்கிய ஒரு ருஷ்ய இணையத்தளம் 'சமிஸ்தாத்' என்னும் பெயரையே எடுத்துக்கொண்டு யாரும் தம் படைப்பை ஏற்ற இடம் தந்தது. திமித்ரி குளுகோவ்ஸ்கி, பதிப்பகங்கள் மறுத்த 'மெத்ரோ 2033' நாவலை 2002-இல் இணையத்தில் இலவசமாக வைத்தார். அணுப்போருக்குப் பின் மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒண்டி வாழும் மக்களின் கதை அது. முதல் வடிவில் நாயகன் இறந்துபோகிறான். பின்னர் ஆசிரியர் அவனைப் பிழைக்கவைத்துக் கதையைத் தொடர்ந்தார். நூல் 2005-இல் அச்சானது. 2023 ஆகஸ்டில் மாஸ்கோ நீதிமன்றம் ஒன்று, உக்ரைன் போரைக் கண்டித்து எழுதியதற்காக, நாட்டில் இல்லாத குளுகோவ்ஸ்கிக்கு 8 ஆண்டுச் சிறை விதித்தது. 2024 ஏப்ரலில் விளாதிமிர் சரோக்கினின் டிஸ்டோபியா நாவல் 'மரபுடைமை' விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.