புஸ்ஸி: ஊரிலிருந்து ஆளுக்கும் ஆளிலிருந்து ஊருக்கும் சென்ற பெயர்

ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பொருத கர்நாடகப் போர்களின் காலத்தில், உயர்ந்த மதில்களையுடைய திருவண்ணாமலைக் கோயில் வழிபாட்டிடமாக மட்டுமின்றிக் கோட்டையாகவும் பயன்பட்டது. 1757இல் சூபீர் என்ற தளபதியின் பிரெஞ்சுப் படை இவ்வூரைக் கைப்பற்ற, 1760இல் அது ஆங்கிலேயர் வசமானது. இவ்வட்டாரத்தில் படை நடத்திய பிரெஞ்சுத் தளபதிகளுள் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று வரலாற்று நூல்களில் மட்டுமே உள்ளன; மக்கள் நாவில் நிலைத்துவிட்ட பெயர் புஸ்ஸி.

இப்பெயருக்குரியவர் திருவண்ணாமலைக்குக் கிழக்கேயுள்ள செஞ்சியில் புகழ் பெற்று, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த வந்தவாசியில் தோல்வி கண்டவர். மூன்று மலைகளை வளைத்துக் கட்டப்பட்டதும், எவராலும் எளிதில் பிடிக்க முடியாதது என்று கருதப்பட்டதுமான செஞ்சிக் கோட்டையின் வாயிற்கதவை வெடிமருந்தால் தகர்த்து, 1750 செப்டம்பரில் ஒரே இரவுக்குள் அவர் அதைக் கைப்பற்றினார். அதன்பின் ஐதராபாத் நிசாமின் அவையில் ஏழாண்டுகள் பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய அவரைப் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி லாலி திரும்ப அழைத்துக்கொண்டார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையிடம் அவர் சிறைப்பட்டார்.

அவரது முழுப்பெயர் ஷார்ல் ஜோசப் பத்திசியே தெ புஸ்ஸி-கஸ்தெல்னோ என்பதாகும். இதில் குடும்பப்பெயர் ‘பத்திசியே’ மட்டுமே. மாவுப் பண்டமும் இனிப்பும் செய்பவர் என்று பொருள்படும் இத்தொழிற்பெயர், முன்னோர் ஒருவரின் தொழிலைக் குறித்துப் பின்னர் வழிவழியாக நிலைத்த வகையைச் சேர்ந்தது. ‘தெ’ என்பது உரிமையைச் சுட்டும் இடைச்சொல்; பிரான்சில் நிலவுடைமையாளர் தம் நிலத்தின் பெயரை இச்சொல்லுடன் சேர்த்துக்கொள்வதும், நாளடைவில் அந்நிலப்பெயரே குடும்பப்பெயரை மறைத்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. கஸ்தெல்னோ என்பது புதிய கோட்டை என்று பொருள்படும் லத்தீன் தொடரின் திரிபு. தமிழில் சொன்னால் அது ஒரு புதுக்கோட்டை.

புஸ்ஸி, பூசி என எழுத்து வேறுபாடுகளுடன் பிரான்சில் பல ஊர்கள் உள்ளன. தளபதி பிறந்ததாகக் கருதப்படும் பூசி-லெ-லோன் சுவாசோன் நகருக்கு அருகில் இருக்கிறது. ‘புக்ஸஸ்’ என்று லத்தீனில் வழங்கிய, சிற்றிலையும் வைரம் பாய்ந்த கட்டையும் கொண்ட குறுமரத்தின் பெயரோடு, இடத்தைக் குறிக்கும் ‘அக்கும்’ என்ற, பண்டைய பிரான்சில் வழங்கிய கால் மொழி விகுதி சேர்ந்து இப்பெயர் உருவானது என்பது ஒரு விளக்கம். சீப்பும் குழலும் சதுரங்கக் காயும் கடைவதற்கு ஏற்ற மரம் அது. பழங்கால நிலக்கிழார் ஒருவரின் பெயரே முதனிலை என்பது மற்றொரு விளக்கம். அவ்விகுதி தென்பிரான்சில் கொன்யாக் என்பதைப் போல ‘ஆக்’ என்று நிற்க, வடக்கே ‘ஈ’ என்று தேய்ந்தது. மரத்தால் ஊருக்குப் பெயரிடுவது ஆலங்காடு, புளியங்குடி, பனையூர் என்று வழங்கிவரும் தமிழருக்குப் புதிதன்று. அரியக்குடி, செம்மங்குடி என்று ஊரைச் சொன்னதுமே இசைக்கலைஞர் நினைவுக்கு வரும் மரபும், புஸ்ஸி என்ற ஊர்ப்பெயர் தளபதியைக் குறித்ததைப் போன்றதே.

இடத்திலிருந்து ஆளுக்கும் ஆளிலிருந்து இடத்துக்கும் பெயர் செல்லும் இந்தச் சுழற்சிக்குத் திருவண்ணாமலையின் பெயரே தக்க சான்று. அயனும் திருமாலும் அடியும் முடியும் காணாத சோதி என்ற தொன்மத்தையொட்டி, அண்ண இயலாத மலை, அதாவது நெருங்க முடியாத மலை, என்று விளக்கப்படும் அண்ணாமலை, மலைக்கும் இறைவனுக்கும் பெயராகிப் பின் பிள்ளைகளுக்கு இடும் பெயராயிற்று; அப்பெயர் தாங்கிய செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியாரால் சிதம்பரத்தருகே 1929இல் பல்கலைக்கழகம் எழுந்தபோது அண்ணாமலை நகர் என்ற புதிய ஊர்ப்பெயரும் பிறந்தது.

புஸ்ஸியும் இதே வழியில் சென்ற பெயர்தான். 1783இல் மீண்டும் இந்தியா வந்து, கடலூரில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தளபதி, 1785 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்தார். அந்நகரின் கிழக்கு மேற்கான நெடுந்தெரு ஒன்று புஸ்ஸி வீதியாயிற்று. லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று அதற்குப் பெயர் மாற்றிய பின்னும் பழைய பெயர் பேச்சில் நீடிக்கிறது. இதை ஆட்சியாளர் விட்டுச்சென்ற அடையாளம் என்று மட்டும் கொள்வது போதாது. தமிழ் மக்கள் அதைத் தம் ஊர்ப்பெயர்களுள் ஒன்றாக ஏற்று, தம் மரபின்படியே மேலும் நடத்தியிருக்கின்றனர். புதுச்சேரிச் சட்டமன்றத்தில் புஸ்ஸி என்றொரு தொகுதி இருந்தது. 2006இல் அங்கு வென்ற ஆனந்த், தொகுதி மறுவரையறையில் அப்பெயர் நீங்கிய பின்னும், தமிழக வெற்றிக் கழகத்தின் பொதுச்செயலாளராகத் தமிழ்நாடெங்கும் புஸ்ஸி ஆனந்த் என்றே அறியப்படுகிறார்.